ஆறேகால் மீட்டர் தாவணி

கன்சல்டன்ட் உத்தியோகத்தில் முதல் நாள் கிடைக்கிற காப்பிதான் காப்பி. அப்புறம் குடிப்பதெல்லாம் நாமாகக் கேட்டு வாங்கிக் குடிப்பது. என்னைப் போல இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதல் நாள் டவரா டம்ளர், தட்டில் இரண்டு முறுக்கு, ஏ.சி.க்கு நேர் எதிரே நாற்காலி. மூன்றாவது வாரம் அந்த நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போயிருக்கும். நாம் உள்ளே நுழையும்போது, இன்னுமா இந்த அம்மா போகவில்லை என்கிற மாதிரி வாட்ச்மேன் பார்ப்பார்.

நான் சொல்லப்போவது ஒரு பட்டுப்புடவைக் கடையில் பட்ட பாடு. தி.நகரில் தலைமைக் கடை. மயிலாப்பூர், அடையாறு, அசோக் நகர், வடபழனியில் கிளைகள். எந்தப் புடவை எந்தக் கடையில் இருக்கிறது என்பதை ஐந்து கடையும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். அதைச் செய்து கொடுப்பது என் வேலை. அதுவரைக்கும் அந்த வேலையை டெலிபோன்தான் செய்துகொண்டிருந்தது. தளத்துக்கு ஒரு போன். "அங்க இருக்கா?", "இரு, பாத்துச் சொல்றேன்" என்று ஐந்து கடையும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்.

எனக்கு இது ஜெயித்தே ஆக வேண்டிய வேலை. இதற்கு முன்னால் நான் போன மருந்துக்கடையில், மூன்றே மாதத்தில் எங்கள் மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆபீசில் அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதுவும் கவிழ்ந்தால் இனி என்னை எந்தக் கடைக்கும் அனுப்ப மாட்டார்கள், மற்றவர்கள் எழுதிய கையேடுகளில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வாரம் கொடுத்தார் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. முதல் நாள் காப்பியை நான் பாதி குடித்திருந்தபோதே நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

"ஆவணி மொத ஞாயித்துக்கிழமை போனையெல்லாம் பூட்டி வச்சிருதேன், முழுக்க உங்க மிஷின்தான். அன்னைக்கு மிஷினால ஒரே ஒரு கஸ்டமர் வெறுங்கையோட படி இறங்கினாலும், மறுநாள் அதெல்லாம் குடோனுக்குப் போயிரும், பாத்துக்கிடுங்க."

பதினாறு கலர்

எங்கள் மென்பொருள் புனேயில் தயாராவது. அங்கே இருந்து அதைக் கவனித்துக்கொண்டவர் நிகில். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாதவர். அவர் அனுப்பிய பட்டியலில் புடவைகளுக்குப் பதினாறு நிறங்கள் இருந்தன. பதினாறு தாராளமாகப் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். என் பீரோவில் இருப்பதற்கே பதினாறு பத்தாது என்று தோன்றவில்லை பாருங்கள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு வடபழனிக் கிளைக்குப் போனேன். அங்கே பட்டுப் பிரிவுக்கு சூப்பர்வைசர் கஜேந்திரன். கல்யாண சீசனில் ஒரே நேரத்தில் நான்கு குடும்பங்களைச் சமாளிக்கிற ஆள். கம்ப்யூட்டர் என்றாலே அவருக்கு ஆகாது. வெள்ளை விரிப்பில் ஒரு புடவையைச் சடாரென்று பிரித்துப் போட்டு, "இது இன்னா கலரு மேடம்?" என்றார். பச்சை என்றேன். "பச்சைன்னா? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, ராமர் பச்சையா, பாட்டில் பச்சையா?" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புடவையாகப் பிரித்துக்கொண்டே போனார். பார்க்கப் பார்க்க அத்தனையும் வேறு வேறு பச்சையாகத்தான் இருந்தன. நான் பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அவர் விடவில்லை.

"பதினாறு கலர வெச்சிக்கினு ஸ்கூல் பசங்களுக்கு டிராயிங் கிளாஸ் வேணா எடுக்கலாம் மேடம், பட்டுக் கடை நடத்த முடியாது."

ரகசியச் சொல்

கடை திறப்பதற்கு முன்னால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி வகுப்பு. அதில் மிகவும் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்தது பாஸ்வேர்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று நாள் தொண்டை வறளக் கத்தினேன். நான்காம் நாள் பார்த்தால், தி.நகர் கடையின் இரண்டாவது மாடியில் எல்லோருடைய பாஸ்வேர்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கு மறந்துபோனால் தளமே சேர்ந்து எடுத்துக்கொடுக்கிறது. "உங்க ரெண்டாவது பையன் பேரு அக்கா, பின்னாடி அவன் பொறந்த வருஷம்!"

நான் கோபமாக விசாரித்தபோது, பட்டுப் பிரிவில் நெடுநாளாக வேலை பார்க்கும் மல்லிகா அக்கா நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னா, நான் மறந்துட்டா எனக்கு யாரு மேடம் ஞாபகப்படுத்துவாங்க?"

ஒரு புடவை, மூன்று பெயர்

நிகில் பெருந்தன்மையாக, "எத்தனை நிறம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் ஒரு நிறத்துக்கு ஒரு பெயர்தான்" என்று சொல்லிவிட்டார். சரிதானே என்று ஐந்து கடை சூப்பர்வைசர்களையும் அசோக் நகர் கடை மாடியில் கூட்டினேன். முதல் புடவையிலேயே ரகளை. மயிலாப்பூர் அதை வெங்காயச் சருகு என்றது. அடையாறு, பீச் என்றது. வடபழனி, ரோஸ் மில்க் என்றது. ஒருவர் சொல்கிற பெயரைக் கேட்டு இன்னொருவர் சிரிக்கிறார். வெங்காயத்தையும் ரோஸ் மில்க்கையும் ஒன்றாகச் சொல்கிறவர்களோடு என்ன பேசுவது என்று மயிலாப்பூர்க்காரர் எழுந்தே போய்விட்டார், கெஞ்சிக் கூட்டிவந்தோம். மத்தியானத்துக்குள் ஒன்பது நிறங்கள்கூட முடியவில்லை. எனக்குப் பொறுமை போய், "ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

கத்திய வேகத்தில்தான் யோசனை வந்தது. கணினியில் ஒரு பெயர் அதிகாரப்பூர்வமாக இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுவோம். அதற்குத் தலைப்பு, 'கூப்பிடும் பெயர்'. அவரவர் கடையில் அவரவர் கூப்பிடுகிற பெயரை அதில் எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. சாயங்காலத்துக்குள் நூற்றுச் சொச்சம் நிறங்கள். அதில் ஐந்து கடையும் சண்டையே இல்லாமல் ஒரே குரலில் ஒத்துக்கொண்ட நிறம் ஒன்றே ஒன்றுதான்: ஹாஃப் ஒயிட். சுத்த வெள்ளையாகவும் இல்லாமல், சந்தனமாகவும் இல்லாமல் நடுவே இருக்குமே, அது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். கூப்பிடும் பெயர்களை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டு, பட்டியலை ஆங்கிலத்தில் அடித்துப் புனேக்கு அனுப்பினேன்.

நிகிலுக்குப் போன் போட்டுப் புதுக் கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "நிக்நேம்? ஃபார் கலர்ஸ்?" என்று சிரித்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கஜேந்திரன், புனேக்குத் தமிழ் புரியுமா புரியாதா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் போனுக்குள் குனிந்து பதில் சொன்னார்.

"வூட்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, தோஸ்துங்க வெச்ச பேரு ஒண்ணுன்னு எனக்கே மூணு கீது சார், பொடவைக்கு இருந்தா இன்னா?"

மாமி கேட்ட அரக்கு

ஆடி மாதத்தில் மயிலாப்பூர்க் கடையில் மட்டும் வெள்ளோட்டம். அதற்கே புனேயோடு இன்னொரு சண்டை போட வேண்டியிருந்தது. நிகிலுடைய மென்பொருளில் புடவையின் நீளத்துக்கு இடமே கிடையாது. சாதாரணப் பட்டுப்புடவை ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறேகால் மீட்டர்; மடிசார் கட்டுகிறவர்கள் கேட்கிற ஒன்பது கஜம், எட்டு மீட்டரைத் தாண்டும். இது தெரியாமல் மயிலாப்பூரில் எப்படி வியாபாரம் செய்வது? நான்கு கடிதம் எழுதி நீளத்துக்கு ஒரு கட்டம் வாங்கினேன்.

வெள்ளோட்டத்தின் இரண்டாம் நாள் ஒரு மாமி வந்தார். ஒன்பது கஜம் வேண்டும், அரக்கு நிறம், மெரூன் என்று எதையாவது எடுத்து நீட்டக் கூடாது. கணினியில் தட்டினோம். அடையாற்றில் ஒன்று இருந்தது. சொல்லி அனுப்பி, மாமி மாடவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் புடவை வந்துவிட்டது. எனக்குக் கைதட்டிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. மாமி புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதேதான், ஒரு குறையும் இல்லை. முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"நான் கேட்டேன்னு இது ஒண்ணையே கொண்டுவந்து நீட்டறதா? ஒரு பத்துப் பொடவையைப் பிரிச்சுப் போட்டுண்டு பாத்தாத்தானேடிம்மா கடைக்கு வந்த மாதிரி இருக்கும்!"

பூசை முடிந்து வந்தவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொன்னபடியே அண்ணாச்சி ஐந்து கடைப் போன்களையும் எடுத்துப் பூட்டிவிட்டார். கடை ஆட்களின் செல்போன்கள்கூடக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் இருந்தன. அவர் தி.நகர்க் கடையில் மாடிப்படி ஓரமாக ஸ்டூல் போட்டு, இறங்குகிறவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையில் கவர் இருந்தால் தலையை ஆட்டுவார். கவர் இல்லாவிட்டால் நிறுத்தி ஏன் என்று கேட்பார். வாங்காமல் போனவர்கள் எல்லாம் விலை பிடிக்கவில்லை என்றோ, மாமியார் வரவில்லை என்றோதான் சொன்னார்கள். மிஷின் மேல் ஒரு புகாரும் இல்லை. பதினொன்றரை மணி வரைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

அப்போது சாந்தோமிலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். காலைப் பூசை முடிந்து நேராகக் கிளம்பியவர்கள். அம்மா ஃபிலோமினா டீச்சர், பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. பெண் ஷெரினுக்குப் பத்து நாளில் சர்ச்சில் கல்யாணம். ஹாஃப் ஒயிட் பட்டு, வெள்ளி ஜரிகை, தங்க ஜரிகை ஓர் இழைகூடக் கூடாது. இதுவரை மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று. இன்றைக்குப் புடவை கிடைத்தால்தான் தையற்காரர் ரவிக்கையைத் தைத்துக் கொடுப்பார். அந்தப் பெண் களைத்துப்போய் மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்க இன்னும் ஒரு கடைதான் பாக்கி என்பது முகத்திலேயே தெரிந்தது.

மல்லிகா அக்கா பெருமையாகக் கணினியில் 'ஹாஃப் ஒயிட்' என்று தட்டினார். ஐந்து கடையிலும் ஒரு புடவைகூட இல்லை என்று வந்தது. ஐந்து கடையிலும் இல்லாமல் எப்படிப் போகும் என்று மறுபடி தட்டினார். கீழே சின்ன எழுத்தில், வேண்டுமானால் இவற்றைப் பாருங்கள் என்று ஒரு பட்டியல் விரிந்தது: 'ஹாஃப் ஸாரி, ஒயிட்'. பட்டியல் முழுக்கப் பாவாடை தாவணி. மல்லிகா அக்கா அசட்டுச் சிரிப்போடு திரையை அவர்கள் பக்கம் திருப்ப, டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினார். படி ஓரத்தில் அண்ணாச்சியும் ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

"சர்ச்சுல தாவணி கட்டிக்கிட்டா மேடம் நிக்கச் சொல்றீங்க? வா ஷெரின், போலாம்."

அளவு நாடா

எனக்கு அந்த நேரத்தில் மருந்துக்கடை ஞாபகம்தான் வந்தது. கையேடு, எழுத்துப்பிழை, சிவப்புப் பேனா எல்லாம் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன. "அஞ்சே நிமிஷம் டீச்சர், எனக்காக" என்று கையைக் கூப்பினேன். மல்லிகா அக்காவிடம், "கிடைக்கிறதை எல்லாம் பிரிச்சுப் போடுங்க" என்றேன். மயிலாப்பூர் மாமிக்கு மனதுக்குள் ஒரு நமஸ்காரம். அக்கா க்ரீம், சந்தனம், வெளிர் சாம்பல் என்று பத்துப் பன்னிரண்டு புடவைகளை மடமடவென்று விரித்துப் போட்டார். அம்மாவும் பெண்ணும் கிளம்பிய கால்களோடேயே குனிந்து முந்தானைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் திரையில் அந்தத் தாவணிகளில் ஒன்றைத் திறந்தேன். நீளம்: ஆறேகால் மீட்டர். அடுத்ததைத் திறந்தேன். ஆறேகால் மீட்டர். எந்த ஊரில் ஆறேகால் மீட்டரில் தாவணி கட்டுகிறார்கள்? அப்போதுதான் விஷயம் விளங்கியது. நிறத்தில் ஏது பாதி என்று நிகில் யோசித்திருக்கிறார். 'ஹாஃப்' என்பது இடம் மாறி விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதை எடுத்துத் துணி வகை என்கிற கட்டத்தில் 'ஸாரி'க்கு முன்னால் போட்டிருக்கிறார். எங்கள் ஹாஃப் ஒயிட் புடவைகள் அத்தனையும் ஒரே இரவில் வெள்ளைத் தாவணிகளாகிவிட்டன. ஆனால் 'கூப்பிடும் பெயர்' கட்டத்தில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. தமிழில் இருந்ததால் பயந்து விட்டுவிட்டார் போலிருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வடபழனியில் இருந்த மூன்றுக்கு நேரே கஜேந்திரன் எழுதியிருந்தார்: 'சர்ச் வெள்ளை, சில்வர்'. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

சிரித்து முடித்தபோதுதான் அடுத்த பயம் வந்தது. போன் கிடையாது. கணினியில்தான் வடபழனிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரே ஆகாத கஜேந்திரன் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே? 'மூன்றையும் உடனே அனுப்பவும், தாவணி இல்லை, சர்ச் கல்யாணம்' என்று எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். பதில் இல்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மல்லிகா அக்கா இன்னும் நான்கு புடவைகளைப் பிரித்தார். அரைமணி ஆகப்போகிற சமயத்தில் படியில் தடதடவென்று சத்தம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கையில் பையோடு கஜேந்திரனே ஏறி வந்தார். பதில் எழுத எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாததால் பைக்கை எடுத்துவிட்டதாக அப்புறம் சொன்னார்.

இரண்டாவது புடவையை விரித்ததுமே ஷெரின் எழுந்துவிட்டாள். மல்லிகா அக்கா அதைத் தோளில் போட்டு, முந்தானையை இழுத்துவிட்டு, கண்ணாடிக்கு முன் நிறுத்தினார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கே கண்ணில் நீர் முட்டியது. புடவைக்காகவா, என் வேலைக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். நடந்த கூத்தை நான் விளக்கியதும் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கையில் கவரோடு படி இறங்கும்போது என் தோளைத் தட்டி ரகசியமாகச் சொன்னார்.

"ஹாஃப் ஒயிட்னு ஒண்ணு கிடையாது, ஆஃப் ஒயிட்தான் கரெக்டுன்னு பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் குடுக்குறவ நான், ஆனா பாருங்க, கடைப் படி ஏறினா என் வாயிலயும் ஹாஃப்தான் வருது."

மறுநாள்

திங்கட்கிழமை காலை நிகிலிடம் பேசினேன். பாவம், மிகவும் வருத்தப்பட்டார். மத்தியானத்துக்குள் எல்லாத் தாவணிகளையும் மறுபடி புடவைகளாக்கிக் கொடுத்தார். போனை வைக்கும் முன் ஒன்றே ஒன்று ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். பாதி வெள்ளை என்றால் மீதிப் பாதி என்ன நிறம் என்று. அன்றைக்கு ஐந்து கடையிலும் விசாரித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கஜேந்திரன் மட்டும், அந்தக் கேள்வியைக் கேட்ட சாரை ஒரு முகூர்த்த நாளில் வடபழனிக் கடைக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். இப்போது மற்றக் கிளைகளில் யாருக்காவது கணினியில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்கிறார்கள். பதில் எழுதும் பொத்தானையும் அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

தி.நகர்க் கடைக்குப் போனால், மாடிப்படிக்கு அடியில் என் நாற்காலியைக் காணோம். ஏ.சி.க்கு நேர் எதிரே கிடந்தது. டவரா டம்ளரில் காப்பி வந்தது, கூடவே இரண்டு முறுக்கு. வாயால் பாராட்டுவது அண்ணாச்சிக்கு வழக்கமில்லை. பூட்டி வைத்திருந்த போன்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"ஏய், இதையெல்லாம் கொண்டுபோய்க் குடோன்ல போடு."

ஆக, என் அனுபவத்தில் கன்சல்டிங் என்பது, ஐந்து கடைக்கும் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை ஆறு வாரம் பாடுபட்டு, கடைசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் தயவில், புனேக்குத் தெரியவைப்பது.